வைரம் கேட்காத காதல்

கதையை வாசித்துக்கொண்டே போகிறோம். நடுநடுவே கதை நின்று, இப்போது என்ன சொல்கிறாய், யார் பக்கம் நிற்கிறாய் என்று நம்மைக் கேட்கிறது. நாம் எதைத் தொடுகிறோமோ அதற்கேற்பக் கதை திரும்புகிறது. இன்டராக்டிவ் ஃபிக்ஷன் என்று சொல்லப்படும் இந்த வகை கேம்களில் மனசு நிறைகிற மாதிரி ஒரு காதல் கதை வேண்டும் என்று 2021இல் தேட ஆரம்பித்தேன். கிடைப்பதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எட்டாயிரம் ரூபாய்க்குக் கிட்டக் கையை விட்டுப் போனது. யாரிடமும் கேட்க முடியாததுதான் இதில் பெரிய கஷ்டம். வேலைக்குப் போகிற, முப்பதைத் தொடப்போகும் ஒரு பெண் "நல்ல காதல் கேம் ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்டிருந்தால் யாராவது நாலு வார்த்தை சொல்லியிருப்பார்களோ என்னவோ. அந்த நாலு வார்த்தையை இப்போது நான் எழுதி வைக்கிறேன்.

எதற்காகத் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்ன பிடித்தது, எது வலித்தது என்பதெல்லாம் அதோடு சம்பந்தப்பட்டது. அந்த வருடம் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. யார் மீது தப்பு என்பது இங்கே வேண்டாம். வீட்டில் எல்லோரும் என்னிடம் அளந்து அளந்து பேசினார்கள். டிவியில் காதல் காட்சி வந்தால் அம்மா சேனலை மாற்றிவிடுவார். எனக்கோ அப்போது வேண்டியிருந்தது அதுதான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மெல்லப் புரிந்துகொள்கிற கதை, சண்டை வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற கதை, அதில் என் வாய்ச்சொல்லுக்கும் ஒரு இடம் இருக்கிற கதை. நாவல்களை எடுத்தால் நாயகி வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் அழுவது அப்போது எனக்குத் தாங்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேனே என்று தோன்றும். அப்படிக் கேட்கவிடுகிற கதைகள் இருக்கின்றன என்று தெரிந்ததும் போனில் ஒரு ஆப்பை இறக்கினேன். பெயர் வேண்டாம். அந்த மாதிரி ஆப்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடக்கின்றன.

முதல் இரண்டு அத்தியாயம் அருமையாக இருக்கும். வேகமான கதை, அழகான படங்கள், நாம் சொன்ன பெயரை வைத்தே அவன் நம்மைக் கூப்பிடுவான். மூன்றாவது அத்தியாயத்தில் அவன் மொட்டை மாடியில் தனியாக நின்றுகொண்டிருப்பான். நமக்கு இரண்டு வழி காட்டப்படும். அவனிடம் போய்ப் பேச வேண்டுமானால் இருபது வைரம், அதாவது காசு கொடுத்து வாங்கும் அந்த ஆப்பின் நாணயம். வைரம் இல்லையென்றால் "எனக்குத் தூக்கம் வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது இலவசம். ஒரு அத்தியாயத்தை முடித்தால் கிடைப்பது ஒன்றிரண்டு வைரம்தான். நான் இலவச வழியைத் தொட்டேன். அவன் முகம் வாடிப்போன படம் ஒன்று வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. ஒருத்தர் காத்துக்கொண்டிருக்கும்போது நான் கண்டுகொள்ளாமல் போய்விட்டேன் என்ற உணர்ச்சி. அன்றைக்கு நான் இருந்த நிலைமையில் அது தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. அந்த ராத்திரியே முதல் வைரப் பொட்டலத்தை வாங்கினேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆப் காதலைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிறது. மனம்விட்டுப் பேசும் காட்சிக்குக் காசு, மன்னிப்புக் கேட்கும் காட்சிக்குக் காசு, கை பிடிக்கக் காசு. இலவசமாக மிஞ்சுவது ஓட்டமும் கூச்சலும் வில்லனும்தான். காசு கொடுத்தாலாவது நிறைவாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஏனென்றால் அந்தக் காட்சியை வாங்காதவர்களும் அடுத்த அத்தியாயத்தை வாசித்தாக வேண்டும். அதனால் அடுத்த அத்தியாயம் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டிருக்கும். நான் காசு கொடுத்து மாடியில் அவனிடம் என் மனசில் இருந்ததையெல்லாம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவன் எதுவுமே நடக்காதது போல "உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே" என்கிறான். அதை வாசித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சொன்னதை மறந்துவிடுகிற ஒருவரை நிஜத்தில் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தேன்.

இந்த ஆப்களில் இறங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று அத்தியாயத்தில் ஒரு வைரம்கூட வாங்காமல், எந்தெந்த இடத்தில் எவ்வளவு கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்துக்கு இரண்டு காட்சி, காட்சிக்குப் பதினெட்டு வைரம், மொத்தம் 16 அத்தியாயம் என்றால் 576 வைரம். ஐம்பது வைரம் 450 ரூபாய் என்று விற்றால் ஒன்று ஒன்பது ரூபாய். ஆக அந்த ஒரு கதையை முழுதாக வாசிக்க 5,184 ரூபாய். இது உதாரணக் கணக்குதான், ஆனால் நான் பார்த்த நிஜத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ரூபாயில் கேட்டால் நாம் யோசிப்போம் என்று தெரிந்துதான் நடுவில் ஒரு வைரத்தை வைத்திருக்கிறார்கள். சாவி, டிக்கெட் என்று வேறு பெயரிலும் வரும். சில மணி நேரத்துக்கு ஒரு சாவி என்று காக்க வைப்பார்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் சாவி தீர்ந்திருக்கும்.

செலவு வெளியே தெரிந்தது தம்பியால். வங்கி எஸ்எம்எஸ் எல்லாம் அவன் போனுக்கும் போகும்படி அப்பா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். "அக்கா, மாசம் முழுக்க நானூறு, ஐந்நூறுன்னு போயிருக்கே, என்ன அது?" என்று ஒருநாள் கேட்டான். சொன்னேன். சிரிப்பான் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. போனை வாங்கி ப்ளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினான். அதே இடத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு பட்ஜெட் வைக்கும் வசதியும் இருக்கிறது. அது வாங்குவதைத் தடுக்காது, எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். பாஸ்வேர்டை அடிக்க எடுக்கும் அந்தச் சில நொடியில் எனக்குப் பாதி ஆசை இறங்கிவிடும். இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கூகுள் ப்ளேயில் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்டால் பணம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அதற்கு மேல் போனால் கேமைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு அந்த நேரமெல்லாம் தாண்டிப் போயிருந்தது.

அப்படியும் அந்த ஆப்பில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டையும் முழுதாக வாசித்தேன். மூன்றாம் பாகம் வராது என்று ஒருநாள் ஒரு வரியில் அறிவித்தார்கள். காதலர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். போதுமான பேர் வாங்கவில்லை போல. இந்த வகைக் கதைகள் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருப்பவை. அவர்கள் நிறுத்தினால் நாம் காசு கொடுத்ததும் போய்விடும். காதல் கதைகளுக்கென்றே இருந்த லவ்ஸ்ட்ரக் என்ற ஆப் 2022இல் மூடப்பட்டது. அதில் வருடக்கணக்காக வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அதனால் இப்போது நான் எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது, இன்டர்நெட்டை அணைத்தால் இது ஓடுமா என்பதைத்தான்.

அப்புறம் காசே கேட்காத பக்கம் போனேன். இட்ச் டாட் ஐஓ என்று ஒரு தளம். தனியாகக் கேம் எழுதுகிறவர்கள் தங்கள் படைப்பை அங்கே வைப்பார்கள், பாதிக்கு மேல் இலவசம், பல பிரவுசரிலேயே திறக்கும். ட்வைன் என்ற, இப்படித் திரும்பும் கதைகளை எழுத உதவும் மென்பொருளில் செய்தவை ஏராளம். அங்கே எழுத்து நிஜமாகவே நன்றாக இருந்தது, பணத்துக்காக இழுக்காத எழுத்து. ஆனால் அங்கே வேறு விதமாக அடிபட்டேன். பெரும்பாலானவை டெமோ. இரண்டு அத்தியாயம் முடிந்திருக்கும், மீதி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போட்டிருக்கும். ஒரு அரண்மனைக் கதை. எதிரி நாட்டு இளவரசனைக் காவல் காக்கும் வேலை நமக்கு. அந்த மௌனம், அந்தச் சந்தேகம், ஒருநாள் அவன் தன் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்து நீட்டுவது, எல்லாம் அவ்வளவு பக்குவமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவருக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்பினேன். ஒரு வருடத்துக்கும் மேல். எழுதியவருக்கு வாழ்க்கையில் ஏதோ நெருக்கடி, நின்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இலவசமாக எழுதுகிறவரிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கதை முடியாமல் போனதற்காக நான் அழுதேன் என்பதும் உண்மை. அந்த இளவரசன் அந்த அறையிலேயேதான் இன்னும் இருக்கிறான்.

டெமோவைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனசு ஏற்கனவே சோர்ந்திருக்கும்போது முடிந்த கதையை மட்டும் எடுங்கள். இட்ச் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் வெளியானதா, வேலை நடக்கிறதா, நிறுத்தப்பட்டதா என்ற நிலையும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதும் இருக்கும். காதலைப் பற்றிய நல்ல வரியை வாசிப்பதற்கு முன் அதை வாசித்துவிடுங்கள். பிடித்ததை இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது. 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் அந்தத் தளம் வயதுவந்தோருக்கான படைப்புகளைத் தேடலிலிருந்து எடுத்துவிட்டது. நேற்று இருந்தது இன்று தேடினால் வராது என்பது அங்கேயும் நடக்கும்.

வழி கிடைத்தது சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் மூலமாக. 2009இல் தொடங்கிய நிறுவனம். படம் கிடையாது, இசை கிடையாது, வெறும் எழுத்து. முதலில் பார்த்தபோது இது என்ன பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் வழக்கமாக முதல் சில அத்தியாயம் இலவசம், பிடித்தால் ஒரே தடவை சில நூறு ரூபாய் கொடுத்து முழுக்கதையும் வாங்கலாம், அதற்குப் பிறகு எந்தக் காட்சிக்கும் தனிக் கட்டணம் இல்லை. வாசகர்கள் எழுதி அனுப்பும் கதைகளை ஹோஸ்டட் கேம்ஸ் என்ற பெயரில் வெளியிடுகிறார்கள். காதல் கதைகளுக்கென்றே ஹார்ட்ஸ் சாய்ஸ் என்று தனிப் பிரிவு 2019இல் வந்தது. நாம் ஆணா பெண்ணா, நமக்கு யார் மீது ஈர்ப்பு என்பதையெல்லாம் பெரும்பாலான கதைகளில் நாமே தீர்மானிக்கலாம். காதலே வேண்டாம் என்றாலும் கதை கோபித்துக்கொள்ளாது.

இந்தக் கதைகளில் ஏன் நிறைவு வருகிறது என்று தெரிந்துகொள்ள, அவை உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் படித்தேன். சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற எளிய நிரல்மொழியில் எழுதுகிறார்கள். நாம் செய்யும் ஒவ்வொன்றையும் அது எண்ணாகக் குறித்து வைக்கிறது. ஒருவரோடு நமக்கு உள்ள நெருக்கம் நூற்றுக்கு இவ்வளவு என்று ஸ்டாட்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். அந்த எண் ஏறும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நெருக்கம் 50ஆக இருக்கும்போது 20 சதவீதம் கூடினால் 60 ஆகும். அதே 20 சதவீதம் 90இல் கூடினால் 92தான். மேலே போகப் போக மெல்லத்தான் ஏறும், மேலே இருக்கும்போது நாம் அவரை ஒரு தடவை புண்படுத்திவிட்டால் இறக்கம் பெரிதாக இருக்கும். இதை யோசித்தவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், தொடக்கத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்கு நல்ல எடை உண்டு. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் நல்லபடியாக இருப்போம் என்று போனால் கடைசியில் யாரோடும் அழுத்தமான கதை அமையாமல் போகலாம். எனக்கு ஒரு கதையில் அப்படித்தான் ஆனது. பிடித்தவர் யார் என்று முதல் சில அத்தியாயத்திலேயே முடிவுசெய்து அவர் பக்கம் நில்லுங்கள்.

அதே மொழியில் பொய்த் தேர்வு என்றே ஒரு கட்டளை இருக்கிறது. மூன்று பதில் காட்டும், எதைத் தொட்டாலும் அடுத்த பத்தி ஒன்றுதான். இதைக் கேள்விப்பட்டதும் ஏமாற்று என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நல்ல எழுத்தாளர் கையில் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. "பயமாக இருக்கிறது" என்று நான் சொன்னதால் சம்பவம் மாறாமல் போகலாம், ஆனால் நான் பயப்படுகிற ஆள் என்பது என் மனசில் பதிந்துவிட்டது. அதைக் கதை எங்காவது ஓரிடத்தில் ஞாபகம் வைத்து ஒரு வரியில் சொன்னால் போதும், கண் நிறைந்துவிடும். நான் இன்றைக்கு ஒரு கேம் நல்லதா என்று பார்ப்பது இதை வைத்துத்தான். இலவசப் பகுதியில் வேண்டுமென்றே ஒரு விசித்திரமான பதிலைச் சொல்வேன். நாய் என்றால் பயம், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, இந்த மாதிரி. பிறகு யாராவது அதை நினைவுபடுத்துகிறார்களா என்று காத்திருப்பேன். இலவசப் பகுதி முடியும் வரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்றால் வாங்க மாட்டேன்.

எனக்கு மனசு நிறைந்த முதல் கதை மிஷ்கா ஜென்கின்ஸ் எழுதிய வேஹேவன் கிரானிகிள்ஸ். முதல் புத்தகம் 2018இல் வந்தது, இரண்டாவது 2019, மூன்றாவது 2022. நாம் ஒரு சிறு ஊரில் துப்பறியும் போலீஸ் அதிகாரி. அங்கே நடக்கும் கொலைகளை விசாரிக்க ஒரு ரகசிய அமைப்பிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். நாலு பேரும் மனிதர்கள் இல்லை என்பது பிறகு தெரியும். நாலு பேரில் யாரை விரும்புவது, அவர் ஆணா பெண்ணா என்பது நம் முடிவு. கொலைக் கதையைவிட அந்த நாலு பேர் நம்மைப் பார்க்கும் விதத்தில்தான் எழுத்து நிற்கிறது. ஒருத்தர் மரியாதையாக விலகி நிற்பார், ஒருத்தர் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பார், ஆனால் நமக்கு அடிபட்டால் முதலில் வந்து நிற்பார். முதல் புத்தகம் முழுக்க ஒருவர் கையை ஒருவர் தொட்டால் அதுவே பெரிய சம்பவம். அவ்வளவு மெதுவாக வளர்கிறது. வைரம் கொடுத்து மூன்றாம் அத்தியாயத்தில் முத்தம் வாங்கிய எனக்கு அந்த மெதுவே மருந்தாக இருந்தது. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும், இது இன்னும் முடியாத தொடர். புத்தகத்துக்குப் புத்தகம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிவு தெரிய வேண்டும் என்கிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஜிபி பேட்ச் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட அவர் லைஃப்: பிகினிங்ஸ் அண்ட் ஆல்வேஸ். இது படங்களும் குரலும் உள்ள விஷுவல் நாவல். அடிப்படைக் கதை முழுவதும் இலவசம், ஸ்டீம் என்ற கணினி கேம் கடையிலும் இட்சிலும் கிடைக்கும், கூடுதல் சம்பவங்களுக்கு மட்டும்தான் காசு. ஒரு கடலோர ஊரில் நமக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான், கோவ் என்று பெயர். எட்டு வயதில் ஒரு கோடை, பதிமூன்றில் ஒரு கோடை, பதினெட்டில் ஒன்று, அதற்குப் பிறகு வளர்ந்தபின் கொஞ்சம். அவன் மேல் நமக்கு ஒன்றுமில்லையா, பிரியமா, ஈர்ப்பா, காதலா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேம் நம்மிடமே கேட்கிறது. தொட்டுப் பேசுவது நமக்குச் சௌகரியமா என்றும் கேட்கிறது. ஒரு கேம் என்னிடம் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் பேசிய அந்த மாதங்களில் என்னைப் பெண் பார்த்தவர்கள், நாள் குறித்தவர்கள், புடவை எடுத்தவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. கதையில் வில்லன் இல்லை, பெரிய திருப்பம் இல்லை, வளர்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் சிலருக்கு இது சலிக்கும். பரபரப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

விஷுவல் நாவல்களில் பல ரென்பை என்ற மென்பொருளில் செய்தவை. அவற்றில் மௌஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும், தவறான பதிலைத் தொட்டுவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். ஏற்கனவே வாசித்ததைத் தாண்டிப் போகும் வசதியும் உண்டு. சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் கதைகள் பலவற்றில் பின்னால் போக முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நினைத்ததை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. நான் இப்போது மாற்றுவதே இல்லை, சொன்னது சொன்னதுதான் என்று போகிறேன், அப்போதுதான் அந்தக் காதல் என்னுடையதாக இருக்கிறது.

வாங்கும் முன் கடைப் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். எழுத்துக் கதைகளில் மொத்தம் எத்தனை வார்த்தை என்று போட்டிருப்பார்கள். இரண்டு லட்சம் வார்த்தை என்றால் நாம் ஒரு தடவை வாசிக்கும்போது அதில் ஒரு பங்குதான் கண்ணில் படும். காதலிக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். இரண்டு லட்சத்தை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் என்ன மிஞ்சும்? இரண்டு, மூன்று பேர் மட்டும் உள்ள கதைகளில்தான் பெரும்பாலும் ஆழம் இருந்தது. இன்னொன்று, ஸ்டீமில் உள்ள குறிச்சொற்களை அப்படியே நம்ப வேண்டாம். அவற்றை விளையாடியவர்கள் ஒட்டுகிறார்கள். காதல் என்று ஒட்டியிருக்கும், உள்ளே போர்க்களத்துக்கு நடுவே ஒரு முத்தம் இருக்கும். விமர்சனங்களில் பாராட்டியதைவிடக் குறை சொன்னதை வாசியுங்கள். "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்று ஒருவர் திட்டியிருந்தால் எனக்கு அது நல்ல செய்தி. "என் தேர்வுக்கு மதிப்பே இல்லை" என்று பலர் சொல்லியிருந்தால் ஒதுங்கிவிடுவேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். வாசிக்கும் கேமில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததை விஷ்லிஸ்ட்டில் போட்டு வைத்தால் தள்ளுபடி வரும்போது மின்னஞ்சல் வரும்.

கொஞ்சம் பழையதில் ஆர்வம் இருந்தால் இன்டராக்டிவ் ஃபிக்ஷன் டேட்டாபேஸ் என்று ஒரு தளம் 2007இலிருந்து இருக்கிறது, சுருக்கமாக ஐஎஃப்டிபி. காதல் என்ற குறிச்சொல்லில் தேடினால் வரிசையாக வரும், நிதானமாக எழுதிய விமர்சனங்களோடு. அங்கேதான் 1987இல் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் வெளியிட்ட ப்ளண்டர்டு ஹார்ட்ஸ் பற்றித் தெரிந்துகொண்டேன். ஏமி பிரிக்ஸ் என்ற பெண் எழுதிய, கடற்கொள்ளையர்களும் காதலும் கலந்த கதை. அதில் தொட்டுத் தேர்வு செய்ய முடியாது, என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். எனக்குப் பாதியிலேயே கை ஓய்ந்துவிட்டது. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே ஒருத்தி இப்படி ஒரு கதை வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

நான் சொன்ன எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாக்கியங்கள் கடினமில்லை, சில நாளில் பழகிவிடும். ஆனாலும் "சாப்பிட்டாயா?" என்று ஒருவர் கேட்பதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஒரு கதையை, மூன்று பதிலில் ஒன்றைத் தொட்டு, தமிழில் வாசிக்க எனக்கு ஆசை. நான் தேடியவரை முழு நீளத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. ட்வைனில் எழுதினால் அது பிரவுசரில்தான் திறக்கும், தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் தெரிகிறது, ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்துவிட்டேன். யாராவது எழுதிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், டெமோவாக இருந்தாலும் வாசிக்கிறேன்.